சுத்திகரித்த தண்ணீரில் மீனை விட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏரியில் மீன்கள் செத்து மிதக்கின்றன என்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து செய்தி வரும்போதெல்லாம் அதன் கடைசி வரி அநேகமாக ஒன்றுதான்: 'தண்ணீர் மாதிரி ஆய்வுக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது.' என்ன ஆய்வு, மாதிரி எடுத்து எத்தனை மணி நேரத்தில், எதைத் தேடி என்பதெல்லாம் வருவதில்லை. அந்தக் கேள்விகளை நிருபர்களும் ஊராட்சித் தலைவர்களும் விவசாயிகளும் கேட்கப் பழக வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான கடிதம்தான், பொறுத்துக்கொள்ளவும்.

நாங்கள் பேசுவது, டேனரி எனப்படும் தோல் பதனிடும் ஆலைகளும் கழிவுநீர் நிலையங்களும் சுத்திகரித்து விடும் நீரில் மீனை விட்டுப் பிழைக்கிறதா என்று பார்க்கும் சோதனையைப் பற்றி. அது புதிதாக நாங்கள் கண்டுபிடித்துச் சொல்வதல்ல. 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளின் ஆறாவது அட்டவணையில், கழிவுநீர் வெளியேற்றத்துக்கான பொது வரம்புகளில், அது ஒரு வரியாகவே இருக்கிறது. எதுவும் கலந்து நீர்க்க வைக்காத, நூற்றுக்கு நூறு அந்த நீரிலேயே மீன்களை விட வேண்டும். 96 மணி நேரம் கழித்து 90 சதவீத மீன்கள் உயிரோடு இருக்க வேண்டும். ஆற்றில் விட்டாலும், பொதுச் சாக்கடையில் விட்டாலும், பாசனத்துக்குப் பாய்ச்சினாலும், கடலில் விட்டாலும் இதே வரம்புதான். பத்து மீன் விட்டால் ஒன்று சாகலாம். இரண்டாவது செத்தால் அந்த நீர் தேறவில்லை.

பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன்), சி.ஓ.டி. (அதையே வேதிமுறையில் அளப்பது), குரோமியம், டி.டி.எஸ். (கரைந்த உப்புகள்) எல்லாம் அளந்து வரம்புக்குள் இருக்கிறதென்று காட்டிவிட்டால் மீன் எதற்கு என்று கேட்பார்கள். அதே அட்டவணையை எடுத்து வரிசையாகப் படித்தாலே பதில் கிடைக்கும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் நீரில் அம்மோனியா நைட்ரஜன் (எல்லா வடிவ அம்மோனியாவும் சேர்ந்த கணக்கு) லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரை இருக்கலாம்; மீனைக் கொல்லும் வடிவமான தனி அம்மோனியா 5 மில்லிகிராம் வரை. 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் அரை சதவீதம்தான் அந்தக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். பிஎச் 8 ஆனால் 5 சதவீதத்துக்கு மேல். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். ஆக 50 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுடன் பிஎச் 8-ல் வெளியே வரும் தண்ணீர் காகிதத்தில் இரண்டு வரம்புக்குள்ளும் அடங்கும். ஆனால் அதில் தனி அம்மோனியா இரண்டரை மில்லிகிராமுக்கு மேல் நிற்கும். பல வகை மீன்களில் பாதியைச் சாகடிக்க 1 முதல் 2 மில்லிகிராமே போதும். தோலில் ஏறிய சுண்ணாம்பை நீக்க அம்மோனியம் உப்பு போடும் ஊர்கள் நம்முடையவை என்பதால் இது ஏட்டுக் கணக்கு அல்ல.

குளோரினுக்கும் இதே கதை. மீதமிருக்கும் குளோரின் 1 மில்லிகிராம் வரை அனுமதி. அதில் பத்தில் ஒரு பங்கே பல மீன்களுக்கு எமன். சல்ஃபைடு வரம்பு 2 மில்லிகிராம். பிஎச் 7-ல் அதில் ஏறக்குறையப் பாதி ஹைட்ரஜன் சல்ஃபைடாக இருக்கும், மீனுக்கோ ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது. முடி நீக்கச் சோடியம் சல்ஃபைடு போடும் டேனரிகளின் நீரில் இது சாதாரணம். அட்டவணையில் பெயரே இல்லாத சரக்கு வேறு இருக்கிறது: ஈரத்தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போடும் பூஞ்சைக்கொல்லிகள், சாயங்கள், எண்ணெய்க் குழம்புகள், சோப்புத்தன்மை கொண்ட நனைப்பான்கள். பூஞ்சைக்கொல்லிகளில் சில, ஒரு லிட்டரில் மில்லிகிராமின் நூறில் சில பங்கு இருந்தாலே மீனைக் கொல்லும். அவற்றைத் தனித்தனியே அளக்க எந்த லேபுக்கும் கட்டுப்படியாகாது. மீன் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்டுவிடும்.

சோதனையைச் சரியாகச் செய்வதில்தான் சிக்கல். மேலே சொன்ன அம்மோனியா, குளோரின், சல்ஃபைடு மூன்றும் கேனிலேயே காணாமல் போகக்கூடியவை. குளோரின் சில மணி நேரத்தில் கரைந்துபோகும். சல்ஃபைடு காற்றுப் பட்டால் ஆக்ஸிஜனோடு சேர்ந்து வேறாகிவிடும். அம்மோனியா, மூடி சரியில்லாத கேனிலிருந்து மெல்ல வெளியேறும். வெள்ளிக்கிழமை மாலை எடுத்த மாதிரியைத் திங்கட்கிழமை தொட்டியில் ஊற்றினால் மீன் நன்றாகவே நீந்தும். அந்த நீந்தல் எதற்கும் சாட்சி ஆகாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிமுறை, மாதிரி எடுத்த 36 மணி நேரத்துக்குள் சோதனை தொடங்க வேண்டும் என்கிறது. நம் வெயிலுக்கு அதுவே அதிகம் என்பது எங்கள் எண்ணம். ஆம்பூரில் காலையில் எடுத்தால் அன்று மாலைக்குள் வேலூரில் தொட்டியில் மீன் இறங்கிவிட வேண்டும், அதற்கு ஒன்றும் தடையில்லை.

கேன் கண்ணாடியாகவோ புதிய பாலிஎத்திலீனாகவோ இருக்கட்டும். அந்த நீராலேயே மூன்று முறை அலசி, விளிம்புவரை நிரப்பி, மேலே காற்று இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். உடனே ஐஸ் பெட்டி. 0 முதல் 6 டிகிரிக்குள், உறையாமல். உலோகம் அளக்கும் மாதிரியில் நைட்ரிக் அமிலம் விடுவது லேப் ஆட்களின் கைப்பழக்கம். மீனுக்கான கேனில் அதைச் செய்தால் அமிலம்தான் மீனைக் கொல்லும், அதனால் மீன் கேனுக்குத் தனி நிற மூடி போட்டு வைப்பது நல்லது. ஒரே சமயத்தில் முகந்த நீரைவிட, 24 மணி நேரத்தில் மணிக்கொருமுறை எடுத்துக் கலந்த மாதிரி நிலையத்தின் சராசரியைக் காட்டும். சராசரி மட்டும் போதாது, ஏனென்றால் இரவு ஷிஃப்டில் திறந்துவிடும் ஒரு தொட்டித் தண்ணீர் சராசரியில் கரைந்து மறைந்துவிடும். நேரம் சொல்லாமல் எடுத்த தனி மாதிரியும் ஒன்று வேண்டும். எடுத்த இடத்திலேயே, கேனை மூடுவதற்கு முன், பிஎச், வெப்பநிலை, கரைந்த ஆக்ஸிஜன், மீதக் குளோரின் நான்கையும் அளந்து எழுதிவிட வேண்டும். லேபில் அளந்த பிஎச்-சுக்கும் குழாய் வாயில் அளந்ததற்கும் அரைப் புள்ளி வேறுபாடு வந்தாலே அம்மோனியா கணக்கு மாறிவிடும்.

எந்த மீன் என்பதில் ஏமாற்று நிறைய நடக்க இடமிருக்கிறது. விரால், தேளி போன்றவை தண்ணீர் கெட்டால் மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும். ஜிலேபிக் கெண்டையும் கொசு ஒழிப்புக்கு விடும் கம்பூசியாவும் எதையும் தாங்கும். இவற்றை விட்டுச் 'சோதனை தேறியது' என்றால் அது மீனின் திறமை, தண்ணீரின் சுத்தம் அல்ல. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 6582-இன் இரண்டாம் பாகம் ஜீப்ரா மீனைச் சொல்கிறது, நாங்களும் அதையே பரிந்துரைப்போம். சென்னை கொளத்தூர் அலங்கார மீன் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும். உடம்பு சிறியது என்பதும் ஒரு வசதி. 25 டிகிரியில் நீர் ஓடாத தொட்டிக்கு லிட்டருக்கு 0.4 கிராம் மீன் எடைக்கு மேல் போகக்கூடாது என்பது ஒரு வரம்பு. 0.3 கிராம் ஜீப்ரா மீன் பத்துக்கு ஏழரை லிட்டர் போதும். 3 கிராம் கெண்டைக் குஞ்சு பத்துக்கு 75 லிட்டர் வேண்டும், அவ்வளவு மாதிரியை யாரும் ஐஸில் வைத்துக் கொண்டுவரப் போவதில்லை.

வாங்கி வந்த மீனை அன்றே விடக்கூடாது. சர்வதேச வழிகாட்டியான ஓ.இ.சி.டி. 203 முதலில் லேபில் வைத்துப் பழக்கச் சொல்கிறது. வந்த முதல் 48 மணி நேரத்தைக் கழித்துவிட்டு, அடுத்த 7 நாளில் 10 சதவீதத்துக்கு மேல் செத்தால் அந்தக் கூட்டத்தையே தள்ளிவிட வேண்டும். 5 முதல் 10 சதவீதம் என்றால் இன்னும் ஒரு வாரம் பார்க்க வேண்டும். 5-க்குக் கீழ் இருந்தால்தான் எடுக்கலாம். சோதனைக்கு முந்தைய 24 மணி நேரமும் சோதனை நடக்கும் 96 மணி நேரமும் தீனி கிடையாது. தின்றால் கழிவு வரும், கழிவிலிருந்து அம்மோனியா வரும், பிறகு யார் போட்ட அம்மோனியா என்று பிரிக்க முடியாது.

பக்கத்தில் ஒரு தொட்டியில் நல்ல தண்ணீரும் அதே மீனும் கட்டாயம் வேண்டும். அதில் பத்தில் ஒன்றுக்கு மேல் செத்தால் முழுச் சோதனையும் செல்லாது. வேலூர் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினத்தன்மையும் கூடியது, குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். எதை ஊற்றினாலும் அதன் பிஎச்-சும் கடினத்தன்மையும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். கடினத்தன்மை கூடிய நீரில் உலோகங்களின் நஞ்சு குறைவாகவே தெரியும் என்பதால் நீர்க்க வைக்க இதை ஊற்றும்போது கவனம் வேண்டும்.

அடுத்தது காற்று. சுத்திகரித்த நீரிலும் பி.ஓ.டி. மிச்சம் இருக்கும், இரவோடு இரவாக அது தொட்டி ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். காலையில் மீன் செத்துக் கிடந்தால் நஞ்சா மூச்சுத்திணறலா என்று தெரியாது. அதற்காக மீன் கடைக்காரர் போல மோட்டாரை முழு வேகத்தில் விட்டால் வேறு கெடுதல்: ஆவியாகக்கூடியவை பறந்துவிடும், கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறி பிஎச் ஏறும், பிஎச் ஏறினால் அம்மோனியா கொல்லும் வடிவத்துக்கு மாறும். சல்ஃபைடுக்கு நேர் எதிர், பிஎச் ஏறினால் அதன் நஞ்சு குறையும். அதாவது காற்றடிக்கும் ஒரு மோட்டாரின் திருகாணியே ஒரு டேனரி நீரைத் தேறவும் வைக்கும், தோற்கவும் வைக்கும். கரைந்த ஆக்ஸிஜன் 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் மட்டும், நிமிடத்துக்கு 100 குமிழிக்கு மிகாமல், நல்ல தண்ணீர்த் தொட்டி உட்பட எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவில் விட வேண்டும். எந்த மணியில் தொடங்கினோம் என்றும் குறிக்க வேண்டும். நஞ்சு தொட்டியிலேயே மங்கிப்போகும் என்ற சந்தேகம் இருந்தால் 24 மணிக்கொருமுறை புதிய மாதிரியை மாற்றி ஊற்றும் முறைதான் சரி. மே மாதத்தில் மின்வெட்டு வந்தால் தொட்டி வெப்பம் ஏறிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. ஜீப்ரா மீனுக்கு 21 முதல் 25 டிகிரி, அதற்குள் ஒரு நிலையில்.

3 முதல் 6 மணி நேரத்துக்குள் முதல் பார்வை, பிறகு 24, 48, 72, 96. செவுள் மூடி ஆடவில்லை, வால் அடியைக் கண்ணாடிக் கம்பியால் தொட்டால் துடிக்கவில்லை என்றால்தான் அது செத்த மீன். மல்லாந்து கிடக்கிறது என்பது மட்டும் சாவு ஆகாது. செத்ததை உடனே எடுத்துவிட வேண்டும். சாகாத மீனும் நிறையச் சொல்லும். மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்ஸிஜன் அல்லது செவுள் கோளாறு. செவுளில் வழவழவென்று சளி கட்டினால் உலோகத்தையோ நனைப்பானையோ சந்தேகிக்கலாம். விறைத்துத் துள்ளிச் சுழன்றால் அம்மோனியா. எண்ணிக்கையை மட்டும் எழுதும் ரிப்போர்ட்டில் இந்தத் தடயங்கள் எல்லாம் போய்விடும்.

தேறியது, தேறவில்லை என்பதோடு நிறுத்தாமல், 100, 50, 25, 12.5, 6.25 சதவீதம் என்று நீர்க்க வைத்த வரிசையிலும் மீன் விட்டால் நஞ்சின் அளவே கைக்கு வரும். பாதி மீன் சாகும் செறிவு 25 சதவீதம் என்றால் 100-ஐ 25-ஆல் வகுத்து நான்கு நஞ்சலகு என்கிறோம். போன மாதம் எட்டு, இந்த மாதம் நான்கு என்றால் நிலையம் சீராகிறது என்று தெரியும். வெறும் 'தேறவில்லை' இரண்டு முறை வந்தால் எதுவும் தெரியாது.

தேறாத நீரில் குற்றவாளியைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது, விலையும் பெரிதல்ல. மாதிரியைப் பிரித்து ஒன்றில் ஈ.டி.டி.ஏ. சேர்த்தால் உலோகம் கட்டுண்டுவிடும். மீன் பிழைத்தால் உலோகம்தான். குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் சேர்த்ததில் பிழைத்தால் குளோரின். அம்மோனியாவைப் பிடித்துக்கொள்ளும் ஜியோலைட் என்ற கனிமத்தின் வழியாக விட்டதில் பிழைத்தால் அம்மோனியா. கரிமப் பொருளைப் பிடிக்கும் குழலில் வடித்ததில் பிழைத்தால் பூஞ்சைக்கொல்லி, நனைப்பான் வகை. குளோரின் போடும் நிலையத்தில் தயோசல்ஃபேட் சேர்த்த தொட்டியை மட்டும் வைத்து ரிப்போர்ட் கொடுப்பது மோசடிக்குச் சமம். சேர்த்தது, சேர்க்காதது இரண்டும் வேண்டும், ஏனென்றால் ஆற்றில் யாரும் தயோசல்ஃபேட் கொட்டப்போவதில்லை.

மீனுக்குத் தெரியாத நஞ்சும் உண்டு. நம் பக்கத்து நீரின் பெரிய நோய் உப்பு; ஊறவைத்த தோலிலிருந்து வரும் உப்பு. லிட்டருக்கு 5 கிராம் சோடியம் குளோரைடில் பல மீன்கள் 96 மணி நேரத்தைத் தள்ளிவிடும். டாஃப்னியா குடும்பத்து நீர்த்தெள்ளுகளில் சில 2 கிராமிலேயே சாகும். அவைதான் மீன் குஞ்சின் தீனி. ஆகவே மீனோடு ஒரு டாஃப்னியா சோதனையும் வேண்டும்: பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகள் இருபது, ஐந்தைந்தாக நான்கு குவளையில், 48 மணி நேரம். குவளையை மெல்ல ஆட்டிவிட்டு 15 விநாடி பார்த்தும் நீந்தாதவை கணக்கில் வரும். இந்தக் குஞ்சுகள் நல்ல நிலையில் உள்ளனவா என்பதற்குப் தெரிந்த நஞ்சான பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கொடுத்துப் பார்க்கும் சோதனை உண்டு. 24 மணி நேரத்தில் பாதி முடங்கும் செறிவு 0.6 முதல் 2.1 மில்லிகிராமுக்குள் வராவிட்டால் லேப் தன் வளர்ப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உயிருள்ள மீனை வதைப்பது சரியா என்று கேட்பவர்களுக்கு: ஜெர்மனி கழிவுநீர்ச் சோதனையில் 2005 முதல் மீனுக்குப் பதில் ஜீப்ரா மீன் முட்டையை வைத்துக்கொண்டுவிட்டது. சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 15088 அந்த முறைதான். விளக்கு எரிந்ததும் காலையில் இடும் முட்டையை 48 மணி நேரம் அந்த நீரில் வைத்து, பால் போலத் திரிந்ததா, வால் பிரிந்ததா, இதயம் துடிக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். 24 குழி கொண்ட ஒரு சிறு தட்டில் குழிக்கு 2 மில்லிலிட்டர் நீர் போதும். ஆம்பூரிலிருந்து சென்னைக்கு ஒரு சின்ன பாட்டில் போனாலே போதும் என்றால் 'மாதிரி கொண்டுவர வண்டி இல்லை' என்ற சாக்கு மிஞ்சாது.

எங்கே எடுப்பது? பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீர் ஓடுவதில்லை. வெளியேற்றும் நீர் ஆற்று நீரில் கலந்து நீர்த்துவிடும் என்ற நினைப்பே இங்கு பொருந்தாது; குழாயிலிருந்து வருவதுதான் ஆறு. நூற்றுக்கு நூறு நீரில் மீன் விடச் சொல்லும் விதி வேறெங்கும் கடுமையாகத் தெரிந்தாலும் இங்கு அது உள்ளது உள்ளபடிதான். தோல் கழிவுநீரின் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் துளி நீரும் வெளியே விடாத முறைக்கு மாறியவை, ஆர்.ஓ. நீர் டேனரிக்கே திரும்புகிறது, அப்புறம் எதைச் சோதிப்பது என்று கேட்கலாம். நிலையத்துக்கு வெளியே ஓடும் ஓடை, மழை நீர் வடிகால், பக்கத்து ஏரியின் மதகு, உறைகிணறு, இவற்றைத்தான். வெளியே எதுவும் விடவில்லை என்றால் அங்கே மீன் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆர்.ஓ. நீரையே சோதிப்பதானால் ஒரு எச்சரிக்கை: உப்பே இல்லாத நீரில் மீன் நஞ்சில்லாமலும் தள்ளாடும். நல்ல தண்ணீர்த் தொட்டியில் உள்ள அளவுக்குக் கால்சியம், சோடியம் உப்புகளைச் சேர்த்துவிட்டுத்தான் விட வேண்டும். வேலூர் மாநகரின் கழிவுநீர் ஓடும் நிக்கல்சன் கால்வாயும் பட்டியலில் வர வேண்டும். வீட்டுக் கழிவுநீர் நிலையங்களுக்கான 2017 மத்திய அறிவிக்கையில் பிஎச், பி.ஓ.டி., கரையாமல் கலந்திருக்கும் திடப்பொருள், மலக்கிருமி இவை நான்கே உள்ளன. அம்மோனியாவும் இல்லை, மீனும் இல்லை.

1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. 2025 ஜனவரி 30 தீர்ப்பில் அதே நீதிமன்றம் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொன்னது. குழுவுக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் நாங்கள் கேட்பது இதுதான். தொழில்வாரியான அட்டவணையில் மீன் சோதனை இல்லாத இடத்தில் அதை இசைவாணை (ஆலை இயங்க வாரியம் தரும் அனுமதி) நிபந்தனையாகவே சேருங்கள். வரம்பைக் கடுமையாக்க வாரியத்துக்கு அதிகாரம் இருக்கிறது. வாணியம்பாடியிலிருந்து வாலாஜா வரை குறித்த இடங்களில் காலாண்டுக்கு ஒருமுறை எடுங்கள், அதில் ஒன்று மழைக்காலத்தில், ஆற்றில் வெள்ளம் ஓடும் இரவில் இருக்கட்டும். திருட்டுத்தனமாகத் திறந்துவிட நினைப்பவர் காத்திருப்பது அந்த இரவுக்குத்தான். முடிவைத் தமிழில், மாவட்ட இணையதளத்தில் போடுங்கள். மாதிரி எடுத்த நேரம், மீன் தொட்டியில் இறங்கிய நேரம், மீனின் வகையும் எடையும், தொட்டி வெப்பம், தினசரி பிஎச், ஆக்ஸிஜன், காற்று விட்டதா இல்லையா, நல்ல தண்ணீர்த் தொட்டியில் செத்தவை எத்தனை என்பது அதில் இருக்க வேண்டும். முதல் இரண்டு நேரங்களுக்கும் இடையே ஒன்றரை நாளுக்கு மேல் இருந்தால் அந்த ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு மறுபடியும் மாதிரி எடுங்கள்.

இப்படிக்கு,
நீர் ஆய்வுப் பணியில் உள்ள வாசகர்கள் சிலர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.